கீழே விழுந்தது சாம்பிள் இல்லை

உங்கள் அறையில் ஏசி நன்றாக வேலை செய்கிறது. மேலே காற்று வருகிற அந்தக் கம்பித் தடுப்பில்தான் தூசி அடை அடையாய் அப்பியிருக்கிறது, யாரையாவது விட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். இவ்வளவு பெரிய ஆபீஸில் காற்று எந்த வழியாக வருகிறது என்று அண்ணாந்து பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. எல்லா இடத்திலும் இதே கதைதான். நான் மட்டும்தான் எங்கே போனாலும் முதலில் மேலே பார்ப்பேன்.

என் உத்தியோகம் அப்படி. பொருள்களை எரித்துப் பார்க்கிறவன் நான். திரைச்சீலை, நாற்காலி மெத்தை, ஒயர் உறை, சுவர்ப் பலகை, எது கட்டடத்துக்குள் போவதானாலும் அதில் ஒரு துண்டு முதலில் என் மேசைக்கு வர வேண்டும். நான் அதற்கு நெருப்பு வைப்பேன். எப்படிப் பற்றுகிறது, எவ்வளவு தூரம் ஓடுகிறது, எவ்வளவு புகை கக்குகிறது என்று பார்த்து, ஆகும் அல்லது ஆகாது என்று எழுதிக் கொடுப்பேன். ஆபீஸில் என்னைப் 'புகை சார்' என்பார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே. நான் கோபித்துக்கொண்டதில்லை. புகையைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவன் அங்கே எவனும் கிடையாது, டைரக்டர் உட்பட.

சுடரைக் கண்டுதான் எல்லாருக்கும் பயம். சுடர் யோக்கியமானது, சார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரும். புகை அப்படியில்லை. தீ ஒரு மாடியில் இருக்கும், ஆள் இன்னொரு மாடியில் சாவான். அதுவும் காற்றுக் குழாயில் ஏறிவிட்டால், ஒவ்வொரு அறையாகப் போய் விசாரித்துவிட்டு வரும். அதனால்தான் அந்தக் குழாயைத் தகரத்தில் செய்தார்கள். தகரம் எரியாது. கனக்கும், துருப்பிடிக்கும், காற்றடித்தால் படபடவென்று சத்தம் போடும், ஆனால் எரியாது. இந்தச் சின்ன விஷயத்தைப் புரிந்துகொள்ளத்தான் படித்தவர்கள் இத்தனை பேருக்கும் மூளை போதவில்லை.

என் மனைவிக்கு ஒரே தம்பி. அவனை அவள்தான் தூக்கி வளர்த்தாள். தொட்டதெல்லாம் மண்ணாகிக் கடைசியில் டக்ட் போடும் காண்டிராக்டுக்கு வந்து சேர்ந்தான். டக்ட் என்றால் இந்தக் காற்றுக் குழாய்தான். ஒருநாள் வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு ஒன்றைக் கட்டிலுக்கடியில் வைக்கிற பெட்டி மாதிரி மடித்துக்கொண்டு என் வீட்டுக்குள் நுழைந்தான்.

"தூக்கிப் பாருங்க மாமா. பஞ்சு மாதிரி இல்ல? இனிமே தகரம், வெல்டிங் எல்லாம் எதுக்கு? கத்தியாலயே வெட்டிடலாம், கேக் மாதிரி."

"எரிச்சுப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான நீங்க இருக்கீங்க," என்று சிரித்தான்.

எரித்தேன். முறைப்படி, சாம்பிளைக் கிளிப்பில் நிறுத்தி, அடி விளிம்பில் காஸ் சுடரைப் பிடித்தேன். நல்ல பொருள் என்றால் கருகும். கெட்ட பொருள் என்றால் எரியும். இது இரண்டும் செய்யவில்லை. சுடரைக் கண்டதும் பின்வாங்கியது, சுருங்கியது, உருகிச் சொட்டுச் சொட்டாய்க் கீழே விழுந்தது. கிளிப்பில் மிச்சமிருந்த துண்டு சமர்த்தாக அணைந்துவிட்டது. கீழே தட்டில் விழுந்த சொட்டு மட்டும் நின்று எரிந்தது. அதிலிருந்து வந்த புகை கன்னங்கரேலென்று சோதனைக் கண்ணாடிக் கூண்டை நிரப்பி, உள்ளே இருந்த விளக்கை முழுதாக மறைத்தது. நான் விளக்கு பியூஸ் போய்விட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

ஆகாது என்று எழுதினேன். டைரக்டர் கூப்பிட்டார்.

"சாம்பிள் எரிஞ்சுதா, இல்லையா?"

"எரியல சார். உருகிக் கீழ விழுந்துச்சு. கீழ கெடந்து எரிஞ்சுது."

"கீழ விழுந்தது சாம்பிள் இல்லையே. சாம்பிள் கிளிப்புல இருக்கறதுதான். விதியில என்ன இருக்கு? கிளிப்புல எவ்வளவு தூரம் எரிஞ்சுதுன்னு அளக்கச் சொல்லியிருக்கு. அளந்தீங்களா?"

"அளந்தேன். ஆனா புகை..."

"புகைக்குக் கணக்கு மாடிப்படி பக்கம் போற டக்டுக்கு மட்டும்தான். இது ரூமுக்குள்ள போறது. நீங்க பெரிய ஆள்தான், ஒத்துக்கறேன். அதுக்காக விதிக்கு மேல ஒரு விதி எழுதாதீங்க."

அன்று இரவு சாப்பிடும்போது மனைவி தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள். "உங்க டைரக்டரே சரின்னு சொல்றாராம். நீங்க ஒருத்தர்தான் பிடிவாதம் பிடிக்கறீங்களாம். அவன் இப்பதான் தலையெடுக்கறான். நம்ம வீட்டு ஆளே கால வாரி விட்டா எப்படிங்க?"

கையெழுத்துப் போட்டேன். இதை நான் மறைக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், விதியை எழுதியவன் ஒருவன், அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியவன் ஒருவன், பொருளை விற்றவன் ஒருவன், வீட்டில் உட்கார்ந்து கெஞ்சியவள் ஒருத்தி. என் பங்கு பேனாவைப் பிடித்தது மட்டும்தான். அத்தனை பேரையும் விட்டுவிட்டு என் கையெழுத்தை மட்டும் மேசை மேல் விரித்து வைத்திருக்கிறீர்கள். பரவாயில்லை.

கட்டடம் எழும்பியது. கடைவீதி முனையில் நிற்கிறதே, கீழே கடைகள், நடுவில் ஆபீஸ்கள், மூன்றாம் மாடியில் கண் ஆஸ்பத்திரி, அதேதான். அடியிலிருந்து உச்சிவரை என் மச்சினனின் வெள்ளைக் குழாய். வேலை முடிந்த சந்தோஷத்தில் சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டி வீட்டில் விருந்து வைத்தான். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கைத் தூக்கி உறிஞ்சிக் காட்டினான். "மாமா வந்துட்டாரு, எல்லாரும் அடுப்ப அணைங்க." வீடே சிரித்தது. குழந்தைகள்கூட மூக்கை உறிஞ்சின.

நான் பொறுமையாகத்தான் சொன்னேன். அந்தக் குழாயில் ஒரு தீ பிடித்தால், நீங்கள் தட்டில் இருக்கிற சோற்றைத் தின்று முடிப்பதற்குள் மேல் மாடிக்குப் புகை போய்விடும் என்றேன். யாரும் சாப்பிடுகிற கையை நிறுத்தவில்லை. என் மனைவிதான் பந்தியில் இருந்தபடியே சொன்னாள்.

"விடுங்களேன். எங்கயாவது ஒண்ணு எரிஞ்சாதான் உங்களுக்கு மனசு ஆறும் போல."

அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? முப்பது பேர் நடுவில் கட்டின மனைவி ஒருவனைக் கோமாளியாக்கினால் அவன் சிரித்துத்தான் ஆக வேண்டும். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு எனக்குப் பல் கிட்டித்துக்கொண்டது. அந்தக் கோபம் அப்படியே இருந்தது. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது, ஆபீஸ் போனேன், வந்தேன். அது மட்டும் இறங்கவில்லை.

பிறகு அவளுக்கே கண்ணில் கோளாறு வந்தது. தம்பியே அழைத்துப்போய் அந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தான், தன் வீட்டு விசேஷம் மாதிரி ஆளுக்கு ஆள் அறிமுகம் வேறு. காலையில் ஆபரேஷன் செய்வார்கள். ஒரு கண்ணில்தான் செய்வார்கள், ஆனால் அசையக் கூடாது என்று இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள், அந்த டாக்டரின் வழக்கம் அது. மதியச் சாப்பாடு முடிந்து அவர் திரும்பி வந்து பார்க்கும்வரை அப்படியே வரிசையாகப் படுத்திருக்க வேண்டும். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவளுக்குக் கஞ்சி ஊட்டினேன். என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டாள்.

"காத்து எவ்வளவு ஜில்லுனு வருது பாருங்க. தம்பி போட்டது."

அவள் தலைக்கு நேர் மேலே கம்பித் தடுப்பு. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டுப் போட்ட முகங்கள் எல்லாம் மல்லாந்து அதைப் பார்த்தபடிதான் கிடந்தன. அவர்களால் பார்க்க முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் கண்ணயர்ந்ததும் நான் கீழே இறங்கி ஏசி பிளான்ட் ரூமுக்குப் போனேன். புளோயர் ஓடுகிற அறை அது. மொத்தக் கட்டடத்துக்கும் அங்கிருந்துதான் காற்றை ஊதுவார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆபரேட்டர் இருந்தார். எதைச் சொன்னாலும் 'சரி சார்' என்பார், அதனால் கட்டடத்தில் அவருக்குப் பெயரே 'சரி சார்'தான். எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். குழாயைத் தட்டிக் காட்டி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இத்தனை நாளில் நான் சொன்னதைச் சிரிக்காமல் கேட்ட ஒரே மனுஷன் அவர்.

"புகை வந்தா வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்காதீங்க. முதல்ல இந்தப் புளோயர நிறுத்தணும்."

"சரி சார்."

"நிறுத்திட்டா புகை ஏறாது."

"சரி சார்." கொஞ்சம் யோசித்தார். "நிறுத்த முடியலன்னா சார்? மேல கண்ணக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்காங்களே?"

"கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரணும். வேற வழி இல்ல."

"சரி சார்," என்றார். பாடம் படிக்கிற பிள்ளை மாதிரி அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மனைவியை வீட்டில் விட்ட கையோடு மச்சினனிடம் போனேன். அந்தக் குழாயைக் கழற்றிவிட்டுத் தகரம் போடு என்று சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் என் தோளில் கை போட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டான்.

"மாமா, சர்டிபிகேட்ல இருக்கறது யாரு கையெழுத்து? உங்களுதுதான? அப்புறம் என்ன பேசறீங்க நீங்க?"

அன்றைக்கு முடிவு செய்தேன். இதைக் கோபத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், ஆனால் அது சரியாக இருக்காது. வாயால் சொல்லிப் புரியாதவர்களுக்குச் செய்து காட்ட வேண்டும். நான் செய்தது ஒரு சோதனை. சாம்பிள் கொஞ்சம் பெரியது.

விடுமுறை நாளில் செய்திருக்கலாமே என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. விடுமுறையில் புளோயர் ஓடாது. புளோயர் ஓடாவிட்டால் புகை ஏறாது, புகை ஏறாவிட்டால் நான் சொன்னது நிரூபணமாகாது. பார், ஒன்றும் ஆகவில்லை என்று அதையும் எனக்கு எதிராகத் திருப்புவார்கள். அதனால் வேலை நாளாக இருக்க வேண்டும். மதியத்தைத் தேர்ந்தெடுத்தேன். மதியம் எல்லாரும் சாப்பிடப் போய்விடுவார்கள், மாடிகள் காலியாக இருக்கும் என்பது என் எண்ணம். மனுஷர்களைப் பற்றி நான் யோசிக்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

ஆபரேட்டர் சாப்பிடப் போகும்போது சாவியைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். எடுத்துத் திறந்தேன். குழாயைச் சுத்தம் செய்ய அடியில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்து பழைய துணியைச் சுருட்டி வைத்து ஒரு தீக்குச்சி கிழித்தேன், அவ்வளவுதான். பிளாஸ்டிக் சுடரைக் கண்டு பின்வாங்கியது. சுருங்கியது. சொட்டியது. என் மேசையில் செய்ததை அப்படியே செய்தது. கீழே விழுந்தது நின்று எரிந்தது. டைரக்டர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

வெளியே வந்து கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நீங்கள் என்னிடமிருந்து எடுத்த சாவி அதுதான். இதைப் பெரிய சதி மாதிரி கேட்கிறீர்கள். எங்கள் சோதனைக் கூடத்தில் தீ எரியும்போது சோதிக்கிறவன் கதவைப் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொள்வான். நடுவில் யாராவது திறந்தால் காற்று மாறும், கணக்குக் கெட்டுவிடும். இத்தனை வருஷப் பழக்கம், கை தன்னால் செய்துவிட்டது.

எதிர்ப்பக்கத்துத் தையல் கடை நிழலில் போய் நின்றேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இரண்டாம் மாடி ஜன்னல் ஒன்றில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் கசிந்தது. பிறகு மூன்றாம் மாடி. பிறகு கறுப்பு. நான் சொன்ன அதே கறுப்பு. ஆட்கள் கத்திக்கொண்டு படியில் இறங்கி ஓடி வந்தார்கள். ஆஸ்பத்திரி வெள்ளைச் சட்டைக்காரர்களும் அதில் இருந்தார்கள், நோயாளிகள் இல்லாமல், தனியாக.

ஆபரேட்டர் கை கழுவின ஈரத்தோடு ஓடி வந்தார். நான் சொல்லிக் கொடுத்தபடியே முதலில் பிளான்ட் ரூமுக்குத்தான் ஓடினார். கதவை இழுத்தார், உதைத்தார், ஆணியைத் தடவினார், தரையில் குனிந்து தேடினார். பிறகு மேலே ஏறினார். கொஞ்ச நேரத்தில் ஒரு வரிசையோடு இறங்கி வந்தார். முன்னால் அவர், பின்னால் கண்கட்டுப் போட்டவர்கள், ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்துக்கொண்டு. அவர்கள் யாரும் கத்தவில்லை. என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வாசலில் விட்டுவிட்டு நிமிர்ந்தவர் தெருவுக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் கரி.

"சார், சாவியக் காணோம் சார். நீங்க பாத்தீங்களா?"

அவர் குரலில் என் மேல் சந்தேகமே இல்லை. என்னைக் கண்டதில் ஒரு தெம்புதான் இருந்தது. நான் இல்லை என்று தலையாட்டினேன். சோதனை அப்போது முடிந்திருக்கவில்லை.

"சரி சார்," என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

இன்னொரு வரிசையைக் கொண்டுவந்து விட்டார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. இன்னும் கட்டில்கள் மிச்சமிருந்தன என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். எனக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். மதியத்தில் காலியாக இருக்கும் என்பதுதான் என் எண்ணம், அதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

புகை மூன்றாம் மாடிவரை போகும் என்று தெரிந்தே செய்தாயா என்கிறீர்கள். குழாயில் டேம்பர் இருக்கிறது, சார். மாடிக்கு ஒன்று. குழாய்க்குள் இருக்கும் இரும்புக் கதவு அது. ஒரு சின்ன உலோகத் துண்டு அதைத் திறந்தபடி பிடித்திருக்கும். சூடு பட்டால் துண்டு உருகும், கதவு விழும், வழி அடைபடும். முதல் மாடியிலேயே அது விழுந்துவிடும், நாலு பேர் இருமுவார்கள், எல்லாருக்கும் புத்தி வரும் என்றுதான் நம்பினேன். விழவில்லை. புகை வந்த வழியில் ஆறிப்போயிருக்கும். டேம்பருக்கு மூக்கு கிடையாது, சூடு மட்டும்தான் தெரியும். புகை ஆறிப்போய் வந்தால் அது பேசாமல் வழி விட்டுவிடும்.

இந்த வாக்கியம் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டுகிறீர்கள். தீயணைப்புக்காரர்களுக்கும் பிடித்திருந்தது. இது நடப்பதற்கு முன்னால், அதே வாரம்தான் அவர்கள் எங்கள் கூடத்துக்குப் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். போர்டில் குழாயை வரைந்து, டேம்பரை வரைந்து, இதே வார்த்தைகளில் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

இதில் என்ன முரண்பாடு இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஒன்று தெரிந்திருப்பது வேறு, அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வருவது வேறு. எல்லாம் தெரிந்த நானே ஒன்றை மறந்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். தகரம் போட்டிருந்தால் நான் மறந்திருந்தாலும் யாரும் செத்திருக்க மாட்டார்கள். அதை யாராவது எழுதுவீர்களா?

கடைசியாக ஒன்று கேட்டீர்கள், தீயை அணைத்த பிறகு அங்கே என்ன செய்தேன் என்று. மச்சினன் வந்தான். அவன் அக்காவும் கூடவே ஓடி வந்தாள், தலைகூட வாராமல். வெளியே கொண்டுவந்து தரையில் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். கட்டுகள் வெள்ளையாக இல்லை. ஒரே ஒருவர் மட்டும் கண்கட்டு இல்லாமல், முகமெல்லாம் கரியோடு கிடந்தார். அதைப் பார்த்துவிட்டு மச்சினன் அப்படியே தெருவில் உட்கார்ந்து என் காலைக் கட்டிக்கொண்டான். தேம்பித் தேம்பி அழுதான். சின்ன வயதில் அவன் அப்படி அழுது நான் பார்த்திருக்கிறேன்.

"நீங்க சொன்னது சரி மாமா," என்றான். "நீங்க சொன்னதுதான் சரி."

என் மனைவி கொஞ்சம் தள்ளி நின்று, செத்தவர்கள் முகத்தைப் பார்த்தபடி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நான் குனிந்து அவன் தோளைத் தட்டினேன். ஆறுதலாகத்தான் பேசினேன்.

"இன்னொரு தடவ சொல்லு. கொஞ்சம் சத்தமா சொல்லு, உங்க அக்கா காதுல விழற மாதிரி."